வேலு நாயக்கரின் அப்பாவை ஏன் மறந்தோம்?

சென்ற ஆவணியில் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு கல்யாணம். இரண்டும் ஒரத்தநாடு வட்டத்தில்தான். முதலாவது குடியானத்தெருவில், என்னோடு கல்லூரியில் படித்த நண்பனுடையது. இரண்டாவது எங்கள் காலனியில், சித்தப்பா மகனுடையது. இரண்டு இடத்துக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர் தூரம், ஒரு வாய்க்கால்.

நண்பனின் கல்யாணத்தில் மண்டப வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். ஒரு பக்கம் மாப்பிள்ளை. மறுபக்கம் வெள்ளை வேட்டி சட்டை, பின்னுக்கு வாரிய தலை: ‘நாயகன்’ படத்து வேலு நாயக்கர். கீழே வாழ்த்தும் நண்பர்களின் பெயர்கள், ஒவ்வொன்றின் வாலிலும் சாதிப் பட்டம். மூன்று நாள் கழித்துக் காலனியில் தம்பியின் கல்யாணம். அங்கேயும் பேனர். மேலே அண்ணல் அம்பேத்கர், நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும், ஓரத்தில் அதே வேலு நாயக்கர். அதே படம், அதே பார்வை.

“யாருடா இவரப் போடச் சொன்னது?” என்று தம்பியிடம் கேட்டேன். “கெத்தா இருக்குல்லண்ணே” என்றான். நண்பனிடம் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

இருவருமே பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் முன்னால், 1987 தீபாவளிக்கு வந்த படம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ தாதாக்கள் வந்துவிட்டார்கள். 1995-இல் ஆட்டோக்காரனுக்குள் ஒளிந்திருந்த பாட்ஷா வந்தான். 2006-இல் ‘புதுப்பேட்டை’ கொக்கி குமார் வந்தான். 2018-இல் ‘வட சென்னை’ ராஜனும் அன்புவும் வந்தார்கள். 2022-இல் ‘விக்ரம்’ படத்தின் கடைசியில் சில நிமிடங்கள் மட்டும் தலைகாட்டிய ரோலக்ஸ், இன்றுவரை ரீல்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறான். ஆனாலும் மூத்தவர் மூத்தவர்தான். வேலு நாயக்கர் இன்னும் பேனரை விட்டு இறங்கவில்லை.

ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவில் உட்கார்ந்து சாப்பிடத் தயங்குகிற ஊர் இது. இந்த இரண்டு தெருவும் ஒரே தாதாவைக் கொண்டாடுவது எப்படி? இருவரும் அவரிடம் பார்ப்பது ஒன்றைத்தானா?

காலனிப் பையனுக்கு ஏன் பிடிக்கிறது?

இதில் உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை. வன்முறையைப் பார்த்துப் பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்பவர்கள், அந்தப் பையன்கள் வாழும் இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வன்முறையைப் பற்றிப் பேசுவதில்லை.

‘நாயகன்’ படத்தில் தாராவிக் குடிசைப் பையனான வேலுவை வளர்த்த ஹுசேன் பாய், போலீஸ் பிடியில் செத்துப்போகிறார். காரணமான இன்ஸ்பெக்டர் கேல்கரை வேலு நடுத்தெருவில் அடித்தே கொல்கிறான். ஊரே பார்க்கிறது. ஒருவர்கூடச் சாட்சி சொல்லவில்லை. இன்னொரு இடத்தில், குடிசைகளை இடிக்க ஆள் அனுப்பிய சேட்டின் பங்களாவுக்குள் வேலுவின் ஆட்கள் புகுந்து, அவர் வீட்டையே அடித்து நொறுக்குகிறார்கள். வீடு இடிபட்டால் எப்படி இருக்கும் என்பது சேட்டுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது.

ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போய், புகாரைப் பதிவதற்கு முன்பே “நீ எந்தத் தெரு?” என்ற கேள்வியைச் சந்தித்தவனுக்கு இந்தக் காட்சி வெறும் சினிமா இல்லை. எங்கேயாவது சங்கிலி அறுந்தால் முதலில் காலனிக்குள் ஜீப் வரும் என்று தெரிந்தவனுக்கு, ஒரு இன்ஸ்பெக்டர் திரையில் அடிவாங்குவது பத்து நிமிட நியாயம். வழக்கு, வாய்தா, சாட்சி பிறழ்தல் எதுவும் இல்லாத நியாயம். சட்டம் நம் பக்கம் வரப் பத்து வருடம் ஆகும். வேலு நாயக்கர் ராத்திரியே வருவார். தம்பி சொன்ன ‘கெத்து’க்கு இதுதான் அர்த்தம் என்று நினைக்கிறேன். அந்த உணர்ச்சி பொய்யில்லை. அதை நான் மதிக்கிறேன்.

குடியானத்தெருப் பையனுக்கு ஏன் பிடிக்கிறது?

ஆனால் அதே படத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். இந்த முறை இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டு, வேலு நாயக்கர் உட்காரும் இடத்தைக் கவனியுங்கள்.

வீட்டுக்குள்ளேயே அவர் தர்பார். ஜனங்கள் வந்து முறையிடுகிறார்கள். அவர் கேட்கிறார், தீர்ப்புச் சொல்கிறார், கொடுக்கிறார், தண்டிக்கிறார். ஜனங்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவரை வேலு என்று யாரும் கூப்பிடுவதில்லை, நாயக்கர் என்கிறார்கள். தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. இது பண்ணை வீட்டுத் திண்ணை. மேலே உட்கார்ந்திருப்பவர் மிராசுதார், கீழே நிற்பவர்கள் துண்டை இடுப்பில் கட்டிய பண்ணையாட்கள். பம்பாய்க்குப் போனதால் அது நவீனமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். என் நண்பனுக்கு அந்தப் பேனரில் தெரிந்தது அவன் தாத்தாவாகக்கூட இருக்கலாம்.

அந்தப் பட்டத்தையும் யோசித்துப் பாருங்கள். படத்துக்கு உந்துதலாக இருந்தவர் வரதராஜ முதலியார். தூத்துக்குடியிலிருந்து பம்பாய் போய், ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கி, பிறகு கள்ளச்சாராயத்திலும் கடத்தலிலும் வளர்ந்து, மாதுங்காவில் பெரிய கணபதி பந்தல் போட்டு வாழ்ந்தவர். 1988-இல், படம் வந்த சில மாதங்களில், சென்னையில் இறந்தார். படம் எடுத்தவர்கள் முதலியாரை எடுத்துவிட்டு நாயக்கரை வைத்தார்கள். ஒரு சாதிப் பட்டத்துக்குப் பதில் இன்னொரு சாதிப் பட்டம். பட்டமே இல்லாத ஒரு தலைவனைத் திரையில் உட்கார வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும், பெயருக்குப் பின்னால் சாதியைப் போடக்கூடாது என்று சுயமரியாதை இயக்கம் 1929 செங்கல்பட்டு மாநாட்டில் தீர்மானம் போட்ட மாநிலம் இது. ஈ.வெ.ராமசாமி நாயக்கர் தன் பெயரிலிருந்து கழற்றி வைத்த அதே பட்டத்தை, சினிமா எடுத்து மாட்டிக்கொண்டது. 2025-இல் வந்த ‘தக் லைஃப்’ படத்திலும் அதே இயக்குநர், அதே நடிகர், பாத்திரத்தின் பெயர் ரங்கராய சக்திவேல் நாயக்கர். நாற்பது வருடம் நெருங்கியும் பட்டம் போகவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. தாராவித் தமிழர்களில் கணிசமானவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போன ஒடுக்கப்பட்ட மக்கள். தோல் பதனிடும் தொட்டிகளில் நின்று அந்த இடத்தை உருவாக்கியவர்கள். ‘நாயக’னில் அவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், கூட்டமாக. அழுகிறார்கள், கும்பிடுகிறார்கள், தலைவன் செத்தால் கதறுகிறார்கள். படத்தில் தலைவனுக்குச் சாதி உண்டு. கூட்டத்துக்குச் சாதி இல்லை.

அப்பாவை எதிர்த்து அந்த வீட்டில் கேள்வி கேட்பவள் மகள் சாருமதி. அடிப்பதற்கும் கொல்வதற்கும் யார் உரிமை கொடுத்தது என்கிறாள். அவர், தனக்கு அநியாயம் செய்தவர்களை முதலில் நிறுத்தச் சொல் என்கிற மாதிரி பதில் சொல்கிறார். தியேட்டரில் கைதட்டல் அவருக்குத்தான். மகள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். நாம் அவளைப் பின்தொடர்ந்து போவதில்லை, அப்பாவோடுதான் உட்கார்ந்திருக்கிறோம்.

யார் ரவுடி, யார் பெரிய மனுஷன்?

இந்தத் திண்ணை நியாயம் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று டெல்டாவுக்குத் தெரியும்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்கள் ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டன. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும். அவர்கள் தரப்பு செய்த குற்றம், கூலியில் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும். முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவர் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு. கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிலபுலம் உள்ள பணக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு எழுதப்பட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு மைதிலி சிவராமன் அதே ஆண்டு எழுதிய கட்டுரையின் தலைப்பு, கீழ்வெண்மணியின் கனவான் கொலையாளிகள் என்று பொருள்படும். அதே இரவில் பண்ணையார் தரப்பில் ஒருவர் இறந்த வழக்கிலோ கூலித் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள்.

ரவுடி என்ற சொல் யாருக்கு ஒட்டும், யாருக்கு ஒட்டாது என்பதை இந்த ஒரு வழக்கு சொல்லிவிடும். கார் இருந்தால் கனவான். காலனியில் வீடு இருந்தால், மோதல் நடந்த அன்று அந்தப் பக்கம் போயிருந்தாலே போதும், ரவுடிப் பட்டியலில் பெயர் ஏறலாம். வேலு நாயக்கர் இந்த இரண்டு பேரையும் ஒரே உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறார். அவர் குடிசையிலிருந்து வந்தவர், அதனால் தம்பிக்குப் பிடிக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தவர், அதனால் நண்பனுக்குப் பிடிக்கிறது. ஒரே பேனர் இரண்டு தெருவிலும் நிற்கும் ரகசியம் இதுதான்.

ஆனால் பேனருக்கு வெளியே இந்த இரண்டும் சமம் இல்லை. 2022 இறுதியில், ஒரத்தநாடு வட்டத்திலேயே பாப்பாநாடு பக்கத்துக் கிளாமங்கலத்தில், தலித்துகளுக்குக் கடையில் பொருள் கொடுக்கக் கூடாது என்று ஊர் முடிவு செய்ததாகப் புகார் எழுந்து, கடைக்காரர் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். 2024 ஜனவரியில் இதே வட்டாரத்தில், தலித் இளைஞனைக் கல்யாணம் செய்துகொண்ட பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, திருப்பூர்ப் பக்கமிருந்து ஊருக்குக் கூட்டி வரப்பட்டுக் கொன்று எரிக்கப்பட்ட வழக்கில் அப்பாவும் உறவினர்களும் கைதானார்கள். இங்கே ஊரே சேர்ந்து வாயை மூடுவது ஹுசேன் பாய்க்காக நடக்கவில்லை. நாம் திரையில் கைதட்டும் அந்த மௌனம், யாரும் சாட்சி சொல்லாத அந்த மௌனம், நம் ஊரில் பெரும்பாலும் நமக்கு எதிராகவே வேலை செய்கிறது. இதைத் தம்பிக்கு எப்படிப் புரியவைப்பது என்பதுதான் என் கவலை.

கொர்லியோனே ஊரின் கதை

இந்தக் கதை தமிழ் சினிமாவில் மட்டும் இப்படி இல்லை. ‘நாயக’னுக்கு மூத்த அண்ணன் 1972-இல் வந்த ‘காட்ஃபாதர்’. அதன் தலைவன் பெயர் டான் கொர்லியோனே. கொர்லியோனே என்பது இத்தாலியில், சிசிலித் தீவில் இருக்கும் ஒரு நிஜ ஊர். மாஃபியா என்பதும் ஏதோ இருட்டுச் சந்தில் பிறந்தது அல்ல. ஊரில் இல்லாத பெரிய நிலச்சுவான்தார்களின் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், காவல் காத்தவர்கள், குடியானவர்களை அடக்கி வைத்தவர்கள் என்று நிலத்தைச் சுற்றி வளர்ந்த கூட்டம் அது. நம் ஊரில் பண்ணைக்கு அடியாள் என்கிறோமே, அதுதான்.

அந்தக் கொர்லியோனேயில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாச்சிதோ ரிட்சோத்தோ என்று ஒரு தொழிற்சங்கத் தலைவர் இருந்தார். தரிசாகக் கிடந்த பண்ணை நிலங்களை உழவர்கள் கைப்பற்றிப் பயிர் செய்ய வழிகாட்டினார். 1948 மார்ச்சில் மாஃபியா அவரைக் கடத்திக் கொன்று பாறைப் பிளவுக்குள் போட்டது. அறுபது வருடத்துக்குப் பிறகுதான் எலும்புகள் கிடைத்தன. 2012-இல் இத்தாலி அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது.

டான் கொர்லியோனேயை உலகம் முழுக்கத் தெரியும். நிஜக் கொர்லியோனேயின் ரிட்சோத்தோவை யாருக்குத் தெரியும்? கொன்றவர்களின் சாயல் நாயகனாயிற்று, கொல்லப்பட்டவர் பெயர் காணாமல் போனது.

வடசேரியில் விழுந்தவர்

இப்போது ‘நாயகன்’ படத்தின் ஆரம்பத்துக்கு வாருங்கள். பேனர் போடுகிறவர்களில் பத்தில் ஒருவனுக்குக்கூட இது ஞாபகம் இருக்காது. வேலுவின் அப்பா யார்? தொழிற்சங்கத் தலைவர். போலீஸ் தேடுகிறது. சிறுவன் வேலுவை ஏமாற்றி விடுவித்து, அவன் பின்னாலேயே போய், அப்பாவைச் சுட்டுக் கொல்கிறார்கள். அந்தக் கோபத்தில் போலீஸ்காரரைக் குத்திவிட்டுத்தான் பையன் பம்பாய்க்கு ஓடுகிறான். படம் தொடங்கிச் சில நிமிடங்களில் சங்கம் கட்டியவர் செத்துப்போகிறார். மீதிப் படம் முழுக்க அவர் மகன் தாதாவாக இருக்கிறான். சங்கம் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

வேலுவின் அப்பா கற்பனைப் பாத்திரம். ஆனால் அவரைப் போன்ற ஒருவர் ஒரத்தநாட்டு மண்ணில் நிஜமாகவே விழுந்திருக்கிறார். பட்டுக்கோட்டைப் பக்கம் வாட்டாக்குடியில் பிறந்த வெங்கடாசலம், மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். புராணத்தில் அசுரனென்று கொல்லப்பட்ட இரணியனின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டவர். ஊர் திரும்பிப் பண்ணைகளுக்கு எதிராக விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். போலீஸ் தேடியது, தலைமறைவானார். 1950 மே மாதம் வடசேரியில், ஆம்பலாப்பட்டு ஆறுமுகத்தோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். வடசேரி நம் ஒரத்தநாடு வட்டத்து ஊர். ஆம்பலாப்பட்டும் இங்கேதான்.

இரணியன் தனி ஆள் இல்லை. மன்னார்குடிப் பக்கம் களப்பால் குப்பு, சேரியிலிருந்தே எழுந்த சங்கத் தலைவர், 1948-இல் திருச்சி சிறையில் இறந்தார். பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்த மலாயா கணபதி, அங்கே எல்லா இனத் தொழிலாளர்களும் சேர்ந்த தொழிற்சங்கக் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவர். 1949 மே 4 அன்று வெள்ளைக்கார அரசு அவரைக் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டது. கன்னட நாட்டிலிருந்து வந்து இந்த மண்ணின் பண்ணையாட்களோடு வாழ்ந்து செத்த பி. சீனிவாசராவை எல்லோரும் அறிவோம்.

இவர்களெல்லாம் என்ன சாதித்தார்கள்? பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதையும், தண்டனையாகச் சாணிப்பால் குடிக்க வைப்பதையும் இந்த ஜில்லாவில் நிறுத்தினார்கள். “அடித்தால் திருப்பி அடி” என்று ஒருவர் வந்து அடித்துக் கொடுத்ததால் அது நிற்கவில்லை. அறுப்பு நேரத்தில் ஒரு ஊர் முழுக்க வயலில் இறங்காமல் உட்கார்ந்ததால் நின்றது. 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்ததென்றால், அது திண்ணையில் கிடைத்த தீர்ப்பு அல்ல. நெல் கதிரில் முற்றி உதிரக் காத்திருக்கும்போது ஆயிரம் அரிவாள்கள் சும்மா இருந்தன, அதனால் வந்தது.

இரணியனைப் பற்றி ஒரு படமும் வந்தது. 1999-இல், முரளி நடித்து, ‘இரணியன்’ என்றே பெயர். எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? எந்தக் கல்யாண பேனரிலும் நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அது படத்தின் தரத்தைப் பொறுத்தது என்று நீங்கள் சொல்லலாம். கொஞ்சம் உண்மைதான். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. தாதாவின் கதையில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அவன் வருவான், பார்த்துக்கொள்வான். சங்கத்தின் கதையில் கூட்டத்துக்குப் போக வேண்டும், சந்தா கட்ட வேண்டும், கூலி இல்லாமல் இருபது நாள் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரனை நம்ப வேண்டும். இதற்குப் பின்னணி இசை போடுவது கஷ்டம்.

கபாலியும் காலாவும்

“நம்ம ஆள் படம் எடுக்கவில்லையா?” என்று கேட்பீர்கள். எடுத்தார். பா. இரஞ்சித்தின் ‘கபாலி’ 2016-இலும் ‘காலா’ 2018-இலும் வந்தபோது நானும் முதல் நாள் போனவன்தான். கோட்டு போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த கபாலியைப் பார்த்து எங்கள் தெருவில் பெரியவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பட்டம் இல்லாத, குனியாத ஒரு தாதா. அது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் பாருங்கள், கபாலியின் பழைய கதை எங்கே தொடங்குகிறது? மலேயாத் தோட்டத்தில், சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி தமிழனுக்கும் வேண்டும் என்ற போராட்டத்தில். அங்கேயிருந்து அவன் கேங்குக்குள் போகிறான். மறுபடியும் சங்கக்காரன் தாதாவாகிறான். நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறி அந்தத் தோட்டங்களுக்குப் போன ஜனங்கள் நம் தாத்தா பாட்டிமார்கள். அவர்களுக்காக நிஜமாகவே தூக்குமேடை ஏறிய தம்பிக்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். கபாலியைத் தெரிந்த அளவுக்குக் கணபதியை நமக்குத் தெரியாது.

‘காலா’ ஒரு படி முன்னால் போனது. அதே தாராவி, முப்பத்தொரு வருடம் கழித்து. ஆனால் இந்தமுறை கூட்டத்துக்கு முகம் இருக்கிறது, நிலம்தான் கேள்வி. அந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்தது குடையை வைத்துக் காலா சண்டை போடும் இடம் அல்ல. தாராவிக்காரர்கள் வேலைக்குப் போகாமல் நின்றுவிட, பம்பாயே ஸ்தம்பிக்கும் இடம்தான். டாக்ஸி ஓட்டுபவர், குப்பை அள்ளுபவர், வீட்டு வேலை செய்பவர் எல்லோரும் நின்றால் நகரம் என்னவாகும் என்று காட்டியது. கடைசியில் காலா என்பது ஒரு ஆள் இல்லை, அந்தக் கூட்டம் முழுக்கக் காலாதான் என்று முடிகிறது. நம் ஆட்கள் ரீல்ஸில் வெட்டிப் போடுவது குடைச் சண்டையைத்தான். வேலைநிறுத்தத்தை யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை.

நம் பேனரைப் பற்றி

கடைசியாக நம்மைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆதிக்கச் சாதிப் பையன்கள் ‘ஆண்ட பரம்பரை’ என்று பேனர் போடுகிறார்கள், நாம் கேலி செய்கிறோம். சரிதான். ஆனால் ஏப்ரல் 14 அன்று நாம் அடிக்கும் பேனர்களையும் ஒருதரம் பாருங்கள். அண்ணலின் கண்ணாடியைக் கூலிங் கிளாஸ் ஆக்கி, பின்னால் நெருப்பு வைத்து, பைக்கில் ஏற்றி, ஏரியா பேர் போட்டு, தாதா மாதிரி நிற்க வைக்கிறோம். அவர்களுக்குப் பதிலடி என்று நினைத்து அவர்கள் அச்சிலேயே நம் தலைவரை வார்க்கிறோம். வாசிப்பைச் சுமந்து, சட்டம் எழுதி, கட்சி கட்டி, மஹத் குளத்துக்கு ஆயிரக்கணக்கான பேரை அழைத்துப்போய்த் தண்ணீர் குடிக்க வைத்த மனிதர் அவர். 1927-இல் அந்தக் குளத்தில் அவர் ஒருவர் மட்டும் குடித்திருந்தால் அது வெறும் கெத்து. எல்லோரும் குடித்தார்கள், அதனால் வரலாறு.

அந்த அச்சு நம்மைக் கொல்லவும் செய்யும். ‘ஏரியா நம்முது’ என்று வளரும் காலனிப் பையனுக்குப் பின்னால் பண்ணையும் இல்லை, காரும் இல்லை, கனவான் என்று எழுதும் தீர்ப்பும் இல்லை. ஒரு தகராறு நடந்தால் நண்பனுக்கு ஊர் இருக்கிறது. தம்பிக்கு வழக்கு இருக்கும். படத்தின் முடிவில் வேலு நாயக்கர்கூடக் கோர்ட்டில் விடுதலையாகித்தான் வெளியே வருகிறார், கேல்கரின் மகன் கையால் சாகிறார். நம் பையன்களுக்கு அந்தக் கோர்ட் வாசல்வரைகூட வாய்ப்பு இருக்காது.

தம்பியிடம் பேனரைக் கழற்றச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் அதைச் செய்ய எனக்கு மனமில்லை. விருந்து முடிந்த பிறகு வேலு நாயக்கரின் அப்பா யார் என்று கேட்டேன். யோசித்தான். “காட்டவே மாட்டாங்களேண்ணே?” என்றான். காட்டுகிறார்கள், முதல் காட்சிகளிலேயே சுட்டுவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, வடசேரி கதையைச் சொன்னேன். அவன் வேலைக்குப் போகும் பஸ் தினமும் வடசேரி வழியாகத்தான் போகிறது. அங்கே அப்படி ஒருவர் சுடப்பட்டார் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டில் இல்லை, நாமும் சொல்லவில்லை.

படத்தில் பேரன் தாத்தாவிடம், அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான். தெரியவில்லை என்கிறார் அவர். தமிழ்நாடே அந்தக் கேள்வியில் உருகிவிட்டது. என்னிடம் கேட்டால் பேரன் தவறான கேள்வியைக் கேட்டுவிட்டான் என்பேன். உங்கள் அப்பா என்ன செய்தார், அவரை யார் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். அதற்கு வேலு நாயக்கருக்குப் பதில் தெரியும்.

அடுத்த மே மாதம் வடசேரியில் இருபது பேராவது கூடலாம் என்று தம்பியும் அவன் நண்பர்களும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கலாமா என்று கேட்டான். அடி என்றேன். யார் முகத்தைப் போடுவது என்பதை அவர்களே கூடி முடிவு செய்யட்டும்.